அடிக்கடி சார்ஜ் போட்டால் பற்றரி சீக்கிரம் சாகுமா?

கல்லாற்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஒன்றரை வருடம் பாவித்த போனில் பற்றரியின் ஆரோக்கியம் 84 சதவீதம் என்று காட்டுகிறதாம். அடிக்கடி சார்ஜ் போடாதே, இரவில் குத்திவிட்டுத் தூங்காதே என்கிறார் அம்மா. மாதம் ஒருமுறை அடியோடு இறக்கி, தானாக அணையவிட்டு ஏற்று என்கிறார் கடைக்காரர். 20க்கும் 80க்கும் இடையில் வைத்துக்கொள் என்கிறார் கனடாவிலிருக்கும் அக்கா. இதற்கிடையில், 2022இல் கரண்ட் வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வேட்டர் பற்றரி இப்போது அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. அதற்குப் பதில் லிதியம் வாங்கலாமா என்றும் கேட்கிறார். கடைசி வரியில், "பற்றரி தேய்வது ஏற்றும்போதா, இறங்கும்போதா?" என்று ஒரு கேள்வி.

தம்பிக்கு உண்மையில் வேண்டியது, மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லும்போது யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான். நான் மின்வேலை படித்து, மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் வீடுகளுக்கு இன்வேட்டரும் சோலாரும் பூட்டிக் கொடுக்கிறவன். போனைத் திறந்து திருத்துவது என் தொழில் இல்லை. அதனால் இன்வேட்டருக்குப் பூட்டும் ஈய அமிலப் பற்றரி பற்றிச் சொல்வது கைப்பழக்கத்தில் வந்தது என்றும், போன் பற்றிச் சொல்வது பெரும்பாலும் படிப்பில் வந்தது என்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேரும் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் எல்லாம் ஒரே பற்றரிக்குப் பொருந்தாது. அம்மாவும் கடைக்காரரும் சொல்வது நிக்கல் கட்மியம் பற்றரிக் காலத்துப் பழக்கம். பழைய கோட்லெஸ் போன், சார்ஜ் டோர்ச், முதல் தலைமுறைக் கைபேசிகளில் இருந்தது அந்த இனம். பாதியில் நிறுத்தி நிறுத்தி ஏற்றினால், இவ்வளவுதான் வேலை என்று அது பழகிவிடும். முழுதாக இறக்கி ஏற்றினால் திரும்பவும் சரியாகும். புதுப் போன் வாங்கினால் முதலில் எட்டு மணி நேரம் சார்ஜில் போடு என்று கடையில் சொன்னதும் அந்தக் காலத்துக் கதைதான். இப்போதைய போன்களில் இருக்கும் லிதியம் அயன் பற்றரியை சொனி நிறுவனம் 1991இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. நடைமுறையில் நாம் கவலைப்படும் அளவுக்கு அதற்கு அந்த ஞாபகக் கோளாறு கிடையாது. 40இல் குத்தி 65இல் கழற்றினாலும் அது கோபிக்காது.

சரி, பிறகு ஏன் தேய்கிறது? உள்ளே ஒரு பக்கம் காரீயம் (கிராபைட்), போகலைச் சுரங்கத்தில் வெட்டி எடுக்கிறார்களே, அந்த இனம். மறுபக்கம் கோபால்ற்று, நிக்கல் போன்ற உலோகங்களின் ஒட்சைட்டு. ஏற்றும்போது லிதியம் அயன்கள் காரீயத்தின் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன, பாவிக்கும்போது திரும்பி வருகின்றன. காரீயத்தின் மேல் முதல் ஏற்றத்திலேயே ஒரு மெல்லிய படை படிகிறது. அந்தப் படை இல்லாமல் பற்றரியே வேலை செய்யாது. ஆனால் அது அதோடு நிற்பதில்லை. கிணற்றுத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலில் சுண்ணாம்பு பிடிப்பதுபோல வருடக்கணக்கில் தடித்துக்கொண்டே போகிறது. அது தடிக்க வேண்டுமென்றால் லிதியம் வேண்டும். அந்த லிதியம் பற்றரிக்குள் இருக்கும் கையிருப்பிலிருந்துதான் போகிறது, திரும்பிக் கிடைக்காது. இன்னொரு பக்கம், லிதியம் உள்ளே போகும்போது காரீயம் கன அளவில் கிட்டத்தட்ட பத்திலொரு பங்கு வீங்கி, வெளியே வரும்போது சுருங்குகிறது. இந்த வீக்கமும் சுருக்கமும் சேர்ந்து துணிக்கைகளில் வெடிப்பு விழவைக்கின்றன. புதிதாகத் திறந்த இடத்தில் புதிய படை படிகிறது.

ஆக, தேய்வு இரண்டு வகை. பாவிப்பதால் வருவது ஒன்று, சும்மா இருந்தாலும் நாள் போகப் போக வருவது இன்னொன்று. ஏற்றும்போதா இறங்கும்போதா என்றால் இரண்டிலும்தான், ஆனால் சமமாக இல்லை. ஏற்றத்தின் மேல் நுனியில், அதாவது கடைசி 10, 20 சதவீதத்தில், வோல்ற்றளவு உயர்ந்து நிற்கும்போது நடக்கும் பக்க வினைகள்தான் கூடுதல் கெடுதி. 50இலிருந்து 70க்கு ஏற்றுவதில் பெரிய சேதம் எதுவும் இல்லை.

"சார்ஜ் சுற்று" என்று சொல்வதையும் இங்கே விளங்கிக்கொள்ள வேண்டும். கேபிளை ஒருதரம் குத்தினால் ஒரு சுற்று என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மொத்தமாக 100 சதவீதம் செலவானால்தான் ஒரு சுற்று. நேற்று 50, இன்று 50 என்றால் இரண்டு நாளுக்கு ஒரு சுற்று. எத்தனை தடவை குத்தினீர்கள் என்பது கணக்கிலேயே இல்லை. நீங்கள் நாளுக்கு 60 சதவீதம் செலவழிப்பவர் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 220 சுற்று, ஒன்றரை வருடத்தில் 330. ஐபோன் 14 வரையான போன்களுக்கு 500 சுற்றில் 80 சதவீதம் மிஞ்சும் என்றும், 15இலிருந்து 1000 சுற்றில் 80 மிஞ்சும் என்றும் ஆப்பிள் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூனிலிருந்து தன் சந்தைக்கு வரும் போன்களுக்கு 800 சுற்றில் 80 என்று விதி போட்டிருக்கிறது. இந்த அளவுகோலில் உங்கள் 84 பெரிய வியாதி இல்லை. 500 சுற்றுப் போன் என்றால் 87 அளவில் இருந்திருக்கலாம். குறையும் இரண்டு மூன்று சதவீதத்துக்கு நான் சந்தேகப்படுவது சூட்டைத்தான். அதோடு, போன் காட்டும் இந்த எண்ணே ஒரு மதிப்பீடுதான். ஒரு புதுப்பிப்பு வந்ததும் 84 என்பது 86 ஆனால் பற்றரி நோய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ஆலோசனை அநேகமாகக் குளிர்நாட்டில் இருந்துகொண்டு எழுதியது. அங்கே உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடக்கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். உண்மைதான், அந்தக் குளிரில் லிதியம் காரீயத்துக்குள் போகாமல் மேலேயே உலோகமாகப் படியும். நமக்கு அந்தக் கவலை இல்லை. நமக்கு இருப்பது கச்சான் காற்று. கச்சான் வீசும் மாதங்களில் பகலில் 34, 35 பாகை என்பது வெளியே நிழலில். தகரக் கூரைக்குக் கீழே அறைக்குள் அதைவிட ஏறும். வெயிலில் மூடி நிறுத்திய வாகனத்தின் டாஷ்போர்டில் 60ஐயும் தாண்டும். இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஒரு கணக்கு இருக்கிறது. லிதியம் அயன் பற்றரியை 40 சதவீத சார்ஜில், 25 பாகையில் ஒரு வருடம் சும்மா வைத்திருந்தால் கொள்ளளவில் சுமார் 4 சதவீதம் போகும். அதையே முழு சார்ஜில், 40 பாகையில் வைத்திருந்தால் சுமார் 35 சதவீதம் போகும். ஒரு தடவையும் பாவிக்காமலே! இனத்துக்கு இனம் எண்கள் மாறும், போக்கு மாறாது. சூடு தனியாகவும் கெடுக்கும், முழு சார்ஜ் தனியாகவும் கெடுக்கும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் உண்மையான அழிவு. உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால் இதுதான்: எத்தனை தடவை ஏற்றுகிறீர்கள் என்பதை விடுங்கள், பற்றரி நிறைந்தும் சூடாகவும் இருக்கும் மணித்தியாலங்களைக் குறையுங்கள்.

அப்படிப் பார்த்தால் அக்கா சொல்வது சரி, ஆனால் அதில் 80 என்ற எண்ணுக்குத்தான் பெறுமதி அதிகம். உச்ச வோல்ற்றளவை ஒரு கலத்துக்கு 0.1 வோல்ற் குறைத்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுக்கணக்கு. அதற்கு ஈடாக ஒவ்வொரு நாளும் பத்து சதவீதம் அளவில் குறைவாகக் கிடைக்கும். புதிய போன்கள் பலவற்றில் 80இல் நிறுத்தும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். கையில் போனைப் பிடித்துக்கொண்டு 80 வந்ததா என்று பார்த்துக்கொண்டிருப்பது மனிசருக்கு ஏற்ற வேலை இல்லை. இரவு கோச்சியில் கொழும்புக்குப் போகிற நாளில் 100 வரை ஏற்றுங்கள், ஒன்றும் ஆகாது. ஏற்றியதும் பாவிக்கத் தொடங்கிவிடுவீர்கள் அல்லவா, நிறைந்தபடி கிடந்தால்தான் பிரச்சினை. இரவில் குத்திவிட்டுத் தூங்குவதும் அப்படித்தான். நிறைந்ததும் போன் தானே நிறுத்திக்கொள்ளும், மேலே மேலே ஏறிப் பொங்காது. ஆனால் விடியும்வரை 100இல் நிற்கிறது. 80 எல்லை போட்டிருந்தால் அந்தக் கவலையும் இல்லை. தலையணைக்குக் கீழே மட்டும் வேண்டாம். அம்மா பயப்படுவதில் அந்தப் பகுதி முழு உண்மை. லாப்டொப் நாள் முழுக்கக் குத்தியபடியே மேசையில் இருக்கிறதென்றால், அதற்கும் 60 அல்லது 80இல் நிறுத்தும் வசதி அநேகமாக இருக்கும். போனைவிட அங்கேதான் அது அவசியம்.

கடைக்காரர் சொன்ன மாதாந்த முழு இறக்கத்தால் பற்றரிக்கு நன்மை எதுவும் இல்லை. சதவீதத்தைக் கணக்கிடும் மென்பொருள் வழிதவறி, 30இல் இருந்து திடீரென அணைகிறது என்றால், ஒருமுறை இறக்கி ஏற்றினால் அந்தக் கணக்கு நேராகும், அவ்வளவுதான். 20க்குக் கீழே போனதும் பதற வேண்டியதும் இல்லை. போன் 0 என்று காட்டும்போதும் உள்ளே கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டுதான் அணைகிறது. ஆபத்து எதில் என்றால், அணைந்த போனை அலுமாரியில் போட்டு மாதக்கணக்கில் மறப்பதில். மிச்சமிருந்ததும் மெல்ல வடிந்து, வோல்ற்றளவு மிகக் கீழே போனால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். அதற்குப் பிறகு ஏற்றினால் கரைந்த செம்பு வேறிடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷோர்ட் ஆகலாம். அப்படிச் செத்த பற்றரியை வெளியே கரண்ட் கொடுத்து எழுப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பாவிக்காமல் வைக்கும் போனையும் டப்பையும் பாதி சார்ஜில், சூடில்லாத இடத்தில் வையுங்கள். ஊதிப்போன பற்றரியை ஒரு நாளும் குத்தவோ அமத்தவோ கூடாது. உள்ளே இருப்பது தீப்பிடிக்கும் திரவமும் வாயுவும்.

வேகச் சார்ஜ் கெடுதியா என்பதில் நான் அவ்வளவு உறுதியாகப் பேசமாட்டேன். வேகமாக ஏற்றினால் சூடு வரும் என்பது நிச்சயம். ஆனால் அது கீழ்ப்பகுதியில்தான் வேகமாக ஓடும், நிறைய நிறையத் தானே குறைத்துக்கொள்ளும். நல்ல போன்கள் சூட்டையும் பார்த்து வேகத்தைக் குறைக்கின்றன. போனுக்குப் போன் வடிவமைப்பு வேறு. கையில் பிடித்துப் பார்த்துச் சூடு அதிகமென்றால் கவரைக் கழற்றிவிட்டுப் போடுங்கள், அவசரமில்லாத இரவில் மெதுவான சார்ஜரைப் பாவியுங்கள். வயரில்லாச் சார்ஜரும் சூடு கூடிய சாமான்தான். சார்ஜில் போட்டபடி கேம் விளையாடுவது இவை எல்லாவற்றையும்விட மோசம்.

இனி இன்வேட்டர் பற்றரி. இதுவரை சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். ஈய அமிலப் பற்றரியின் குணம் நேர் எதிர். லிதியத்துக்கு நிறைந்து கிடப்பது ஆகாது. ஈயத்துக்கு நிறையாமல் கிடப்பது ஆகாது. இறங்கும்போது இரண்டு தகட்டிலும் ஈயச் சல்பேற்று உண்டாகிறது. உடனே திரும்ப ஏற்றினால் அது கரைந்து பழைய நிலைக்கு வரும். நாட்கணக்கில் விட்டால் கெட்டியான பளிங்காக இறுகி, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் திரும்பாது. பற்றரியை 80 வரை ஏற்ற சில மணி நேரம் போதும், மிச்ச 20ஐ நிரப்ப அதைவிடக் கூட நேரம் எடுக்கும். அந்தக் கடைசிப் பகுதிதான் இந்தப் பளிங்குகளைக் கரைப்பது.

2022 மார்ச் கடைசியை நினைத்துப் பாருங்கள். நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்கள். வந்த கரண்டிலும் பற்றரி நிறைவதற்கு நேரம் போதவில்லை. பாதி ஏறியதும் அடுத்த வெட்டு. அந்த வருடம் வாங்கிய பற்றரிகள் பல பிறந்த மாதத்திலிருந்தே முழு வயிறு கண்டதில்லை. அதனால் உங்கள் பற்றரி இப்போது அரை மணி நேரம் தருகிறது என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. அதன் பிறகு கரண்ட் ஒழுங்காகிவிட்டது; 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஏறி நாட்டையே இருட்டாக்கிய ஞாயிற்றுக்கிழமையைப் போல எப்போதாவதுதான் தேவைப்பட்டது. ஆனால் ஆரம்பத்தில் இறுகிய சல்பேற்று இறுகினதுதான். படுவான்கரைப் பக்கம் யானை வேலிக்குச் சோலாரில் வைத்திருக்கும் பற்றரிகளுக்கும் இதே நோய் வேறு வழியில் வருகிறது. மாரியில் நாட்கணக்கில் வெயிலே தெரியாது, வேலியோ இரவு பகலாக இழுக்கும்.

மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பற்றரியை முழுதாக ஏற்றி, சார்ஜரையும் சுமையையும் கழற்றி, சில மணி நேரம் விட்டு மீற்றரால் அளவுங்கள். 12.6இலிருந்து 12.8 வோல்ற் வரை என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 அளவில் என்றால் பாதி; 11.9 என்றால் கிட்டத்தட்டக் காலி. முழு இரவு ஏற்றியும் 12.4ஐத் தாண்டவில்லை என்றால், அல்லது 12.7 காட்டிவிட்டு ஒரு மின்விசிறி போட்டதும் சரிந்து விழுகிறது என்றால், கதை முடிந்தது. பற்றரிக்குள் இருக்கும் ஆறு அறைகளில் ஒன்றில் மட்டும் அமில அடர்த்தி மற்றவற்றைவிட மிகக் குறைவாக இருந்தால், அந்த அறைதான் மற்ற ஐந்தையும் இழுத்து விழுத்துகிறது. சல்பேற்றைக் கரைக்கிறோம் என்று விற்கும் தூள்களிலும் கருவிகளிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. இளம் சல்பேற்று நல்ல நீண்ட ஏற்றத்திலேயே கரையும், இறுகியது எதற்கும் மசியாது. தகடுகளுக்கு மேல் தண்ணீர் மட்டம் குறைந்திருந்தால் கடையில் விற்கும் பற்றரித் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். கடற்கரைப் பக்கக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் உப்பு தகட்டை அரித்துவிடும். அமிலம் மேலதிகமாக ஊற்றவே கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான், அமிலம் இல்லை. ஏற்றும்போது ஐதரசன் வாயு வரும், ஆகவே குசினிப் பக்கம் வைக்காதீர்கள். சூடு இங்கேயும் எதிரி: 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு. படிக்குக் கீழே, காற்றோட்டமான நிழலில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

லிதியம் வாங்கலாமா? தினமும் பாவிக்கும் சோலாருக்கு என்றால் வாங்கலாம். வீட்டுக்கு வருவது லிதியம் இரும்பு பொஸ்பேற்று என்ற இனம். போனில் இருப்பதைவிடச் சூட்டைத் தாங்கும், லேசில் தீப்பிடிக்காது, நிறைந்து நிற்பதாலும் அவ்வளவு கெடாது. 25 பாகையில் 80 சதவீதம் வரை இறக்கினாலும் 3000இலிருந்து 6000 சுற்று என்று உற்பத்தியாளர்கள் எழுதுகிறார்கள். நம் சூட்டில் அதைக் கொஞ்சம் குறைத்தே நம்புங்கள். இந்த இனத்துக்கு 80இல் நிறுத்தும் விதியைக் கண்டிப்பாகப் பிடிக்கத் தேவையில்லை. மாறாக, உள்ளே கலங்களைச் சமப்படுத்தும் பலகை மேல் நுனியில்தான் வேலை செய்கிறது என்பதால் வாரத்துக்கு ஒரு தடவையாவது முழுதாக நிறையவிட வேண்டும்.

ஆனால் பழைய பற்றரியைத் தூக்கிவிட்டு அதே வயரில் லிதியத்தைக் குத்துவது சரிவராது. ஈயத்துக்காகச் செய்த இன்வேட்டர்கள் சில இடைக்கிடை 15 வோல்ற்றுக்கு மேல் ஏற்றிச் சமப்படுத்தப் பார்க்கும். நாலு கல லிதியத்தின் மேல் எல்லை 14.6. அதைத் தாண்டினால் பாதுகாப்புப் பலகை தொடர்பைத் துண்டிக்கும், வீடு இருண்டுவிடும், நீங்கள் பற்றரியைத் திட்டுவீர்கள். உங்கள் இன்வேட்டரில் லிதியத்துக்கான அமைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எப்போதாவது கரண்ட் போகும்போது இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் எரிந்தால் போதும் என்றால், நல்ல டியூபுலர் (குழாய்வடிவத் தகடுள்ள) ஈயப் பற்றரியே கணக்குக்குச் சரிவரும். 150 அம்பியர் மணி ஈயத்தில் இருப்பது 1800 வாற் மணி, பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது என்பதால் பாவிக்கக் கிடைப்பது 900. 100 அம்பியர் மணி லிதியத்தில் 1280 இருக்கும், அதில் 1000 வரை தாராளமாக எடுக்கலாம். 100 வாற் சுமை என்றால் ஈயத்தில் ஒன்பது மணி நேரம், லிதியத்தில் பத்து. இன்வேட்டர் தின்னும் பங்கு போக இரண்டிலும் கொஞ்சம் குறையும். இன்வேட்டரின் மாதிரி எண், நான் சொன்ன மீற்றர் அளவு, இரவில் எத்தனை வாற் எரிகிறது, இந்த மூன்றையும் எழுதிப் போடுங்கள். எது வாங்குவது என்பதை அதை வைத்துப் பேசலாம்.